பட்டியலில் இல்லாத மாமியார்

எனக்கும் என் மாமியார் ஆரிபாவுக்கும் ஒத்துப்போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது திண்டுக்கல் நாகல் நகரில் யார் எதிர்ப்பட்டாலும் என் கன்னத்தைத் தடவி, இப்படி ஒரு மாமி யாருக்கு வாய்க்கும் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். வாய்த்தது உண்மைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரே அடுப்படியில் அந்த அம்மாவோடு குப்பை கொட்டுகிறவள் நான். குழம்பில் உப்புக் குறைந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகம் இல்லை. இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற நாட்களில் என் மகள் பாஸிலாதான் நடுவில் தூது போவாள்.

மாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாமா மாரடைப்பில் மவுத்தானபோது என் கணவர் இஷாக் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். மார்க்கெட் பக்கம் மாமா நடத்திவந்த ஆட்டுக்கறிக் கடையை யாருக்காவது கைமாற்றிவிடச் சொல்லி உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். மாமி காது கொடுக்கவில்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்ததும் நேராகப் போய்க் கடையைத் திறந்தார். அறுப்பதற்கு சதாம் என்று ஓர் ஆளை வைத்துக்கொண்டார். வெட்டுவது, நிறுப்பது, வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பது எல்லாம் அவரே. பொம்பளை கறிக்கடையில் உட்காருவதாவது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே கொஞ்ச நாளில் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எனக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், ஆரிபா கடை மருமகள் என்று யாராவது சொன்னால் தலை தானாக நிமிர்ந்துவிடும்.

பாஸிலாவைச் சுமந்தபோது எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. பிள்ளை பிறந்தும் இறங்கவில்லை. சில வருஷங்களில் அது இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தேன். ஊசி போடுவதற்காக என் இடது கையில் தைத்து வைத்திருந்த நரம்பு ஒரு கட்டத்தில் அடைத்துக்கொண்டது. வலது கையில் தைத்தார்கள். அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. இனி மாற்றுக் கிட்னிதான் வழி, தள்ளிப்போட நேரமில்லை என்று மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். இறந்தவர்களிடமிருந்து வருவதற்குப் பதிந்து வைத்திருந்தோம். அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

என் வீட்டில் கொடுக்க ஆளில்லை. அம்மா நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. தோல் வியாபாரம் செய்யும் என் தகப்பனார், அத்தா முகமது பாரூக்குக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இஷாக் மச்சான் முதல் ஆளாகக் கையை நீட்டினார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அன்று அவர் ஆஸ்பத்திரி கக்கூஸுக்குள் போய் வெகு நேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் மாமி கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே, எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். வெஞ்சனம் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். நானும் மச்சானும் பதில் சொல்வதற்குள் அவர் கடைக் கதை ஒன்றை ஆரம்பித்துவிட்டார். எப்போதோ ஒத்தக் குண்டிக்காயோடு, அதாவது ஒரே கிட்னியோடு, ஒரு வெள்ளாடு வந்ததாம். நன்றாக மேய்ந்து கொழுத்த ஆடாம். வயிற்றைக் கீறுகிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லையாம். இந்தக் கதையை டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, மனிதர்களிலும் அப்படிப் பிறந்து கடைசிவரை தெரியாமலே வாழ்கிறவர்கள் உண்டு என்றார். ரத்தமும் பொருந்தியது, மற்றவையும் பொருந்தின. மாமியின் உடம்பில் ஒரு குறை இல்லை.

குறை சொல்ல வெளியில் ஆள் இருந்தார்கள். மாமியின் அண்ணன் அப்துல் சுக்கூர் மாமா வீட்டுக்கு வந்து, உடம்பு அல்லாஹ் கொடுத்த அமானத், நம்மிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது, அதை வெட்டிக் கொடுக்க உனக்கு ஏது உரிமை, நாளை மறுமையில் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. தங்கச்சியை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. மாமி சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அமானத்துதேண்ணே. நான் இல்லைன்னு சொல்லலை. ஒருத்தர் உசுரு போறப்ப பூட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, குடுத்தவன் அதைக் கேக்க மாட்டானா?"

அண்ணன் சமாதானமாகவில்லை. இரண்டு பேரும் பள்ளிவாசல் ஹஜரத்திடம் போனார்கள். இதில் மார்க்கம் படித்த ஆலிம்களுக்குள் இரண்டு கருத்தும் உண்டு, உயிர் காக்கக் கொடுப்பது மார்க்கத்தில் கூடும் என்பவர்களின் பக்கம்தான் நான் என்று அவர் சொன்னார். ஆனால் ஒரு காசுகூட அதற்கு விலையாக வரக்கூடாது, விற்றால் அது பாவம் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். அப்போதுதான் சட்டம் குறுக்கே வந்தது. ஆஸ்பத்திரியில் இந்த ஏற்பாடுகளைக் கவனிப்பவர் நாகஜோதி. எரியோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்துப் பெண். நெருங்கிய உறவு என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருப்பதாக அவர்தான் விளக்கினார். தாய், தகப்பன், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், அப்புறம் கணவன் மனைவி. இவர்கள் கொடுத்தால் பெரிதாகக் கேள்வியில்லை. மாமியார் அதில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் கொடுக்க வந்தால் அரசு அனுமதிக் குழு முன்னால் போய், காசு வாங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, மனசார கொடுக்கிறேன் என்று நம்பவைக்க வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் பெற்றவள் கொடுத்தால் பாசம், மாமியார் கொடுத்தால் பேரமா என்று நாகஜோதியிடம் எரிந்து விழுந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடனுக்காகக் கிட்னியை விற்ற தறிக்காரர்கள், கூலிக்காரர்கள் கதைகளைச் சொன்னார். சொந்தக்காரர் என்று பொய் சொல்லி அழைத்துவரப்பட்டவர்களாம். அறுவை முடிந்ததும் அவர்களைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காதாம். மாமி என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் சந்தேகப்படட்டும், சந்தேகப்படாமல் விட்டால் இன்னும் எத்தனை ஏழையை அறுப்பார்கள், நீ வாயை மூடு என்றார். சண்டை என்று வந்தால் என் கட்சியில் நிற்க அவருக்குத் தெரியாது.

குழுவிடம் போவதற்கு முன் நாகஜோதி ஒரு விஷயத்தைப் பல தடவை சொன்னார். பணமோ பொருளோ எதுவும் கைமாறக்கூடாது. நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். என் அத்தாவும் ஆட்டினார். ஆட்டிவிட்டு, குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து இறக்கினார். பழம், இனிப்பு, புடவை, நடுத்தட்டில் ஒரு தங்கச் சங்கிலி. எங்கள் பக்கம் சம்மந்தி வீட்டில் யாராவது பெரிய காரியத்துக்குக் கிளம்பினால், ஹஜ்ஜாக இருந்தாலும் ஆபரேஷனாக இருந்தாலும், வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. நாகஜோதி சொன்னதை யாரும் மறக்கவில்லை. பொருள் வேறு, சீர் வேறு என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

குழு முன்னால் போகிற அன்று மாமி அந்தச் சங்கிலியைப் புர்காவுக்கு வெளியே தெரிகிற மாதிரி எடுத்துவிட்டுக்கொண்டார். பெரிய ஆபீசர்கள் முன்னால் வெறுங்கழுத்தோடு போனால் சம்மந்தி வீட்டுக்கு என்ன மரியாதை என்பது அவர் நியாயம். இஷாக் மச்சான் தன் பங்குக்கு, சண்டை போடுவோம் என்று தப்பித்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் நடத்தியிருந்தார்.

தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்களுக்குள் சண்டை வருமா என்றதற்கு, வந்ததே இல்லை என்று நான் சொன்னேன். மாமியும் அதையே சொல்லியிருக்கிறார். பிறகு அவரிடம் சங்கிலியைப் பற்றிக் கேட்டார்கள். மருமகள் வீட்டில் போட்டது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எப்போது என்றார்கள். போன வாரம் என்றார். எதற்கு என்றார்கள். இந்த ஆபரேஷனுக்குத்தான் என்றார். அப்புறம் அவர்கள் எழுதுவதற்கு என்ன இருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டது. வேண்டுமானால் மறுபடி மனுச் செய்யலாம் என்றார்கள்.

திண்டுக்கல் திரும்புகிற வரைக்கும் பஸ்ஸில் நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பாஸிலாவுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று சாவு பயம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாமி வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கவில்லை. பேகம்பூருக்கு, என் அத்தா வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அங்கே போனதும் உட்காரக்கூட இல்லை. சங்கிலியைக் கழற்றி அத்தா முன்னால் இருந்த மேசையில் வைத்தார். சீரைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் சனத்தில் உறவை அறுப்பதற்குச் சமம். அத்தாவின் முகம் செத்துப்போனது. என் பிள்ளையை வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார்.

"உங்க பிள்ளைக்காகத்தேன் கழட்டுறேன்," என்றார் மாமி. "நீங்க மரியாதைக்குப் போட்டீக, நானும் மரியாதைக்கு வாங்குனேன். அங்க அதைக் கூலின்னு எழுதிட்டாக. அவுக மேல தப்பில்லை. கூலி வாங்குன கழுத்துன்னு ஒருத்தர் சொன்ன பெறகு இது எனக்கு ஆகாது. வாங்கிக்கங்க அண்ணே, நமக்குள்ள ஒண்ணும் கொறையாது."

அத்தா வெகு நேரம் சங்கிலியைத் தொடவில்லை. கடைசியில் எழுந்து போய், தானே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தார். மாமி குடித்தார். அதற்குப் பிறகுதான் சங்கிலி பீரோவுக்குப் போனது.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதை எழுதி மறுபடி மனுச் செய்தோம். குழு கூப்பிடுவதற்குள் என் வலது கை நரம்பும் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் சொருகி டயாலிசிஸ் செய்தார்கள். குழாயோடுதான் மறுபடி அந்த அறைக்குப் போனேன். இந்தத் தடவை முதலில் மாமியையும் என்னையும் மச்சானையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். தலைவராக இருந்தவர் பழைய காகிதத்தைப் புரட்டிவிட்டு, மாமியாரும் மருமகளும் இத்தனை வருஷமாகச் சண்டையே போட்டதில்லை என்று சொல்லியிருக்கிறீர்களே, உண்மையா என்று கேட்டார். இஷாக் மச்சான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. மாமி முந்திக்கொண்டார்.

"பொய்ங்கய்யா. போடாத நாளில்லை. இவளுக்கு வாய் சாஸ்தி. எனக்கு அதைவிட சாஸ்தி."

அந்த அறையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அப்படியானால் பாசத்தில் கொடுக்கவில்லை, காசுக்கும் இல்லை என்கிறீர்கள், பிறகு எதற்குத்தான் கொடுக்கிறீர்கள் என்றார். கேள்வி நியாயமானது. எனக்கே அதற்கு விடை தெரியாது.

"பாசம்னு சொன்னா அது அரைப்பொய்யாப் போகும். சில நாளு இவ மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்காது. பொண்ணு கேட்டுப் போனப்ப இவுக அத்தா, தாயில்லாப் பிள்ளைம்மான்னு சொல்லிக் கையில பிடிச்சுக் குடுத்தாக. நான் பார்த்துக்கிடுறேன்னு சொன்னேன். சோறு போட மட்டும் பார்த்துக்கிடுறேன், உசுருக்குப் பார்க்க மாட்டேன்னு நான் பிரிச்சுச் சொல்லலைங்களே."

ஒரே உடம்பை டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார், அப்துல் சுக்கூர் மாமா ஒரு மாதிரி பார்த்தார், சட்டம் ஒரு மாதிரி பார்த்தது. ரத்த பாசம் அல்லது பணம், இந்த இரண்டைத் தவிர மனிதர் ஒருவருக்காக ஒருவர் கத்திக்குக் கீழே படுக்க மூன்றாவது காரணம் இருக்கும் என்று அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. மூன்றாவது காரணம் என் பக்கத்து நாற்காலியில் கறுப்புப் புர்காவில் உட்கார்ந்திருந்தது. அந்த மனுஷியின் மருமகள் நான் என்று அந்த இடத்திலேயே எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

பிறகு என்னையும் மச்சானையும் வெளியே அனுப்பிவிட்டு மாமியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். கதவு சாத்தியே இருந்தது. மச்சான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். ஒருவழியாக மாமி வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. பசிக்கிறது, எங்கேயாவது சாப்பிடலாம் என்றார். உள்ளே என்ன கேட்டார்கள் என்று மச்சான் துளைத்ததற்கு, என்னென்னமோ கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டார்.

அனுமதி வந்தது. பக்கத்துப் பக்கத்து அறையில் எங்களை அறுத்தார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது குழாயில் சிறுநீர் வடிந்து பிளாஸ்டிக் பை நிரம்பியிருப்பதை நர்ஸ் தூக்கிக் காட்டினார். இத்தனை காலம் சொட்டுக்கூட வராத எனக்கு அது என்னவென்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. நான் விம்மி அழுதேன். மாமி சீக்கிரமே எழுந்து நடந்துவிட்டார். கொஞ்ச மாதத்தில் மறுபடியும் கடைக்குப் போய், கனமானதைத் தூக்காதீர்கள் என்று சதாம் கத்தக் கத்தத் தராசின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நாகல் நகர் முழுக்க ஒரே பேச்சு. ஆரிபாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, கத்தியோடு பழகின கை, அதனால்தான் துணிந்துவிட்டாள் என்றார்கள். நானும் அதையே நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் நானே அப்படித்தான் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒரு வருஷப் பரிசோதனைக்கு மதுரைக்குப் போனபோது நாகஜோதியிடம், அன்று கதவைச் சாத்திக்கொண்டு மாமியிடம் அவ்வளவு நேரம் என்னதான் பேசினார்கள் என்று கேட்டேன். ஒவ்வொருவர் பேசியதையும் வெளியே சொல்லக்கூடாது என்றார். எல்லாரிடமும் கேட்கிற ஒன்றை மட்டும் சொன்னார். கொடுக்க வருகிறவர்களைத் தனியாக வைத்து, உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம் என்பார்களாம். உடம்பு பொருந்தவில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிடுமாம். வீட்டில் யாருக்கும் உண்மை தெரியாதாம். குடும்பத்துக்குப் பயந்து வந்தவர்கள் தப்பிக்க அது ஒரு வழி. மீதியை உங்கள் மாமியிடமே கேளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஒரு வழி காட்டினார்களாமே என்று கேட்டேன். ஆமாம் என்றார். உங்கள் மகனுக்குக்கூடத் தெரியாது என்று சொன்னார்களா என்றேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னதாகச் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குதும்மான்னு சொன்னேன். தெனம் அறுக்குறதைப் பாக்குறவடி நான். கத்தி எறங்குனா என்னாகும்னு ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்பக் குடுக்காதீங்க, கெளம்பிப் போயிருங்கன்னாக. வேணாம்மா, பயந்துக்கிட்டே குடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். அம்புட்டுத்தேன்."